சின்னத்தாய் வாங்கிய துரும்பு

சின்னத்தாய்க்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. அவள் புருஷன் காளைக்கு இடது காதில் நுனி கிடையாது. பல்லைப் பெயர்த்தவன் அவன், காதைக் கடித்துத் துப்பியவள் இவள். இரண்டும் ஒரே சண்டையில் நடந்தவை. ஆண்டிக்கரைப்பட்டியில் நான் பஸ்ஸை விட்டு இறங்கிய முதல் நாளே டீக்கடைக்காரர் இந்தக் கதையைச் சொன்னார். சொல்லும்போதே சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டணத்துப் பெண்ணுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

நான் மதுரை செல்லூர்க்காரி. பெயர் ஹம்சவேணி. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கீழ்வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்ததால் எனக்கு வாயும் பெரிது, கோபமும் பெரிது. ஆங்கிலம் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து சம்பளம் வாங்காமல் ஆங்கிலம் சொல்லித்தர வரும் ஒரு அம்மாவுக்கு, கூடவே தங்கி மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். தொண்ணூற்றெட்டாம் வருடம். வாடிப்பட்டியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து உள்ளே போகவேண்டிய ஊர்.

அந்த அம்மாவின் பெயர் நோரா. அயர்லாந்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சொந்த ஊரில் பல வருடம் பஸ் ஓட்டியவர். நல்ல உயரம், அகன்ற தோள், வெயில் பட்டால் செங்கல் மாதிரி சிவந்துபோகும் முகம். ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டன, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், அதே ரோட்டில் போய்ப்போய் வருவது அலுத்துவிட்டது என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஏழைகளுக்குச் சேவை அது இது என்று ஆரம்பித்திருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

எங்களுக்குச் சமைத்துப் போட்டவள்தான் சின்னத்தாய். பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா. முப்பதைத் தாண்டியிருப்பாள். காலையில் அடிபம்பில் தண்ணீர் அடித்து நோராவின் வாளியை நிரப்பிவிட்டு, இட்லியும் கண்ணில் நீர் வரவழைக்கும் மிளகாய்ச் சட்னியும் கொண்டுவருவாள். நோரா அழுதுகொண்டே சாப்பிடுவார். "டீச்சரு அழுகுறாக, இன்னும் ரெண்டு வைக்கவா?" என்று அவள் கேட்பாள். சில நாள் கன்னம் வீங்கி வருவாள். சில நாள் கைவிரலில் துணி சுற்றியிருக்கும். கேட்டால், "அவனுக்கும் குடுத்துட்டுத்தான் வந்தேன்" என்பாள்.

பள்ளிக்கூடமும் அடி உதையில்தான் நடந்தது. ஒரே அறைக்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அடைத்து, நோராவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் பாடுவார், ஆடுவார், பஸ் ஓட்டுவது மாதிரி நடித்துக் காட்டி ஸ்டாப், கோ, லெஃப்ட், ரைட் சொல்லித்தருவார். பிள்ளைகள் கத்திக் கூரையைப் பிய்ப்பார்கள். அடுத்த அறையிலிருந்து கணக்கு வாத்தியார் வெள்ளைத்துரை கம்போடு வருவார். "எக்ஸ்கியூஸ் மீ மேடம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, முதல் இரண்டு வரிசைப் பிள்ளைகளின் முதுகில் வரிசையாகப் போடுவார். "நவ் கன்டினியூ மேடம்" என்று போய்விடுவார். அவருக்கு அது ஒரு உதவி.

பெற்றவர்களும் அப்படித்தான். மகனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்க டீச்சரு" என்று ஒப்படைப்பார்கள். அது அந்த ஊரில் வாத்தியாருக்குச் செய்யும் மரியாதை. நான் மொழிபெயர்த்தபோது நோரா என் முகத்தையே பார்த்தார், நான்தான் ஏதோ தப்பாகச் சொல்கிறேன் என்று. ஒரு தகப்பன் புளிய விளாரை வெட்டிச் சீவி, வழவழவென்று தேய்த்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். நோரா நன்றி சொல்லி வாங்கி, கரும்பலகையில் எழுத்துகளைத் தொட்டுக்காட்ட அதை வைத்துக்கொண்டார். அந்த மனுஷன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு முகம் சுண்டிப் போனான்.

ஒருநாள் வெள்ளைத்துரை ஒரு சிறுமியின் கெண்டைக்காலில் அடித்து ரத்தம் வந்துவிட்டது. நோரா அவர் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார். பெரிய ரகளையாகி, தலைமை ஆசிரியர் வந்து சமாதானம் பேசினார். அதன்பிறகு வெள்ளைத்துரை எங்கள் வகுப்புப் பக்கம் வருவதில்லை. அவர் வராததால் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் பெண்களுக்கு ஆங்கிலம். சீரியல் நேரத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் ஆளாக வந்து உட்காருவாள் சின்னத்தாய். காய்கறிப் பெயர், பஸ் பெயர் இதிலெல்லாம் அவளுக்கு நாட்டமில்லை. கட்டளைகள்தான் பிடித்தன. ஸ்டாண்டப். சிட் டவுன். கெட் அவுட். நோரா கையை நீட்டி, முகத்தை விறைப்பாக்கிச் சொல்லிக்காட்டுவார். சின்னத்தாய் எழுந்து நின்று, நோராவைவிட விறைப்பாகச் சொல்வாள். வராந்தாவே குலுங்கும்.

காளை அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். தூணைப் போலக் கை. சாராயம் உள்ளே போனால் முதலில் தட்டு பறக்கும், பிறகு அந்தக் கை பறக்கும். ஒருநாள் வழக்கம்போல அடித்துக்கொண்டே அவளைத் தெருவுக்கு இழுத்துவந்தான். டீக்கடையில் கூட்டம் வேடிக்கை பார்த்தது. சின்னத்தாய் மூக்கில் ரத்தம் ஒழுக எழுந்து நின்று, கையை நீட்டி, "கெட் அவுட்!" என்றாள். ஒரு நொடி எல்லோரும் அசந்துபோனார்கள். அப்புறம் சிரிப்பு வெடித்தது. மறுநாளிலிருந்து காளை தெருவில் நடந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி, "சிட் டவுன்! ஸ்டாண்டப்! கெட் அவுட்!" என்று கத்தினார்கள். எல்லாம் நோராவிடம் படித்த பிள்ளைகள்.

இவ்வளவு நாளும் அவன் குடித்துவிட்டுத்தான் அடிப்பான். அந்த வாரம் குடிக்காமலே அரிவாளை எடுத்தான்.

அவள் தடுக்கக் கையைத் தூக்கியதால் கழுத்து தப்பியது. முழங்கைக்குக் கீழே சதை பிளந்து தொங்கியது. நெற்றியிலும் ஒரு வெட்டு. நாங்கள் தங்கியிருந்த அறைக்கு அவள் ஓடிவந்தபோது வாசலிலிருந்து அடுப்படி வரை ரத்தம். நோரா தன் துண்டால் இறுக்கிக் கட்டி, வண்டியில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தையல் போட்டு முடித்ததும், ரத்தம் காய்ந்து சடையாகிப்போன தலையை அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். சின்னத்தாய் அங்கேதான் அழுதாள். வெட்டு வாங்கியபோது அழவில்லை, தலையைக் கழுவியபோது அழுதாள்.

"போலீஸுக்குப் போகலாம்" என்றார் நோரா. நானும் அதையே சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

"போயி? நாலு நாளு வச்சிருந்து விட்டுருவாக. அஞ்சாம் நாளு வந்து அறுத்துப் போட்டுருவான்" என்றாள் சின்னத்தாய். "எனக்குப் போலீசு வேணாம் சின்ன டீச்சரு. துரும்பு வேணும்."

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். அந்த ஊரில் ஊரார் முன்னால் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் பொண்டாட்டி கையில் கொடுத்துவிட்டால் கல்யாணம் அற்றுப்போனது. கோர்ட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம். ஆனால் பெண் தானாக ஊர்ச் சபையில் கேட்க முடியாது. அவள் பிறந்த வீட்டு ஆள் ஒருவர் எழுந்து நின்று மூன்று தரம் கேட்கவேண்டும். மூன்று தரம் கேட்டும் புருஷன் கொடுக்காவிட்டால் கோயிலில் அவனுக்கு விபூதி கிடையாது, அவன் வீட்டுச் சாவுக்கு ஊர் வராது. "வாங்கிட்டா நான் அவன் ஆளு இல்ல. அம்புட்டுதான். ஏற்கெனவே ரெண்டு புள்ள வயித்துலயே போச்சு டீச்சரு. ஒண்ணு அவன் ஒதைச்சுப் போச்சு. அடுத்து நான்தான்."

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன், அலங்காநல்லூர்ப் பக்கம். கையில் கட்டோடு அவள் போனாள், துணைக்கு நானும் போனேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டான். "நீயும்தான அவன் காதக் கடிச்ச" என்றான். "எம் மகளுக்கு நாளைக்கு மாப்ள பாக்கணும். அத்துக்கிட்டு வந்தவ வீடுன்னு பேரு வந்துரும். சாப்புட்டுட்டுப் போ" என்றான். அவள் சாப்பிடவில்லை. நான் அந்த மாட்டுத் தொட்டித் தண்ணீரை அவன் மூஞ்சியில் ஊற்றியிருக்கவேண்டும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

நடந்ததைக் கேட்ட நோரா ஒரே கேள்வி கேட்டார்: "பிறந்த வீட்டு ஆள் என்றால் ஆணாகத்தான் இருக்கவேண்டுமா?"

சின்னத்தாய் யோசித்தாள். அப்படி யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

சபை கூடுகிற நாளுக்கு முன்னால் ஒரு மதியம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் பாடம் படித்தார்கள். இந்தமுறை டீச்சர் சின்னத்தாய். "எங்க வீட்டுப் பொண்ணுக்குத் துரும்பு குடு." நோரா உட்கார்ந்து திருப்பித் திருப்பிச் சொன்னார். நாக்கு புரளாமல் திணறினார். "சத்தமா! சபையில கேக்கணும்ல?" என்று சின்னத்தாய் அதட்டினாள். சரியாக வந்ததும், "வெரி குட், சிட் டவுன்" என்றாள். நான் சிரித்தேன். பயத்திலும் சிரிப்பு வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சபை ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூடியது. நடுவில் முத்திருளன். ஊரில் பெரிய மனுஷர், வெள்ளை மீசை, யாரையும் அதட்டாமல் பேசுகிறவர். காளை ஒரு ஓரமாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். பிராது இவளுடையது, ஆனால் முதலில் பேசியவன் அவன்.

"இவ என்னய ஊர்ப் பயலுக முன்னாடி வெள்ளக்காரன் பாசையில வஞ்சா. இன்னைக்கு வரைக்கும் பொடிப்பயலுக என்னய நாயத் தொரத்துற மாதிரித் தொரத்துறானுக. நானு மனுசனா இருக்கவா வேணாமா?"

நியாயம்தானே என்று பல தலைகள் ஆடின.

முத்திருளன் சின்னத்தாயைப் பார்த்தார். "அவன் அடிச்சான், சரி. நீயி கடிச்ச. அவன் வெட்டுனான், நீயி வஞ்ச. ரெண்டும் சரிக்குச் சரியாப் போச்சுல்ல தாயி?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மூட்டை தூக்குகிறவன் கையும் இந்தப் பெண்ணின் பல்லும் சரிக்குச் சரியாம். அவள் பேசாமல் அடி வாங்கியிருந்தால் அடக்கமானவள், பிழைத்துப் போகட்டும் என்றிருப்பார்கள். திருப்பி அடித்ததால் அது சண்டை, சண்டை என்றால் இரண்டு பக்கமும் தப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் நோரா என் தோளை அமுக்கிவிட்டு எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுப் பொண்ணுக்குத் துரும்பு குடு."

ஒரு கிழவர், "இவுக எப்படிப் பொறந்த வீட்டாளு?" என்றார்.

"இவுக எங் கையால சாப்புட்டிருக்காக" என்றாள் சின்னத்தாய். "ரத்தத்தோட கெடந்த எந் தலைய மடியில போட்டுக் கழுவியிருக்காக. கூடப் பொறந்தவன் செய்யல. இவுக எனக்கு அக்கா."

"அக்கான்னா, என்ன சாதி?"

"வெள்ளக்காரவுகளுக்கு ஏதுடா சாதி!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெண் நின்று கேட்கலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: அவர்களுக்கு இது பிடித்துவிட்டது. தங்கள் சபையில் ஒரு வெள்ளைக்காரி எழுந்து நின்று தங்கள் வழக்கப்படி கேட்கிறாள். சுற்றுப்பட்டி ஊர்களில் எங்கே நடக்கும் இது? கடைசியில் முத்திருளன், "நிக்கட்டும்" என்றார்.

நோரா இரண்டாம் தரம் கேட்டார். காளை காறித் துப்பினான். "செத்தாலும் தரமாட்டேன்" என்றான்.

நோரா மூன்றாம் தரமும் கேட்டார். முத்திருளன், "கேட்டாச்சுடா காளை. இதுக்கு மேல நீயி குடுக்கலேன்னா சபையில ஒனக்கு எடமில்ல" என்றார், பேரனுக்குச் சொல்கிற மாதிரி. காளை எல்லோர் முகத்தையும் சுற்றிப் பார்த்தான். பக்கத்து வைக்கோல் படப்பிலிருந்து ஒரு துரும்பை உருவித் தரையில் எறிந்தான்.

"கையில குடுடா."

அவன் அதை எடுத்து, கத்தியைச் செருகுகிற மாதிரி அவள் உள்ளங்கையில் குத்திக் கொடுத்தான். சின்னத்தாய் விரல்களை மூடிக்கொண்டாள். ஒரு கையாலேயே கழுத்துக் கயிற்றைக் கழற்றி அவன் துண்டில் போட்டாள். எங்கள் அறைக்கு வந்த பிறகும் அவள் கையைத் திறக்கவில்லை. அன்று சாப்பாடும் இடதுகையால்தான். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எங்கள் அறையிலேயே தங்கினாள். பாடிக்கொண்டே சமைத்தாள். சட்னியில் மிளகாயைக்கூடக் குறைத்தாள்.

அந்த வாரக் கடைசியில், பொழுது சாய்கிற நேரம், அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நோராவும் நானும் பள்ளிக்கூட வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தோம். காளை ஆலையிலிருந்து வந்தான், குடித்திருந்தான். இத்தனை வருடம் செய்ததைத்தான் செய்தான். கொண்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி உதைத்தான். குடம் உருண்டது. அவன் பழக்கத்தில் செய்தான் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. துரும்பு கொடுத்தது அவன் கைகால்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஊருக்குத் தெரிந்திருந்தது.

"டேய்! அடுத்த வீட்டுப் பொம்பள மேலயா கைய வைக்கிற?"

முதலில் எழுந்தவர் முத்திருளன். டீக்கடைப் பெஞ்சு காலியாயிற்று. ஒருவன் உலக்கையோடு வந்தான், ஒருவன் வண்டியின் ஊணுகம்பை உருவிக்கொண்டு வந்தான், டீக்கடைக்காரர் விறகுக் கட்டையோடு வந்தார். நல்ல மனுஷர்கள், தினமும் எங்களுக்கு வணக்கம் சொல்கிறவர்கள். காளையைச் சேற்றில் போட்டு அடித்தார்கள். முதலில் அவன் திமிறினான், அப்புறம் கையால் தலையை மூடினான், அப்புறம் அந்தக் கையும் விழுந்துவிட்டது. உலக்கை இடுப்பில் இறங்கியபோது முறிந்த சத்தம் பள்ளிக்கூட வாசலுக்குக் கேட்டது. பெண்கள் வாசல்களில் நின்று, "போடு, நல்லாப் போடு" என்றார்கள்.

நோரா ஓடினார். நான் பிடித்தேன், உதறிவிட்டார். கூட்டத்தைத் தோளால் இடித்துப் பிளந்து உள்ளே போய், காளையின் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். ஓங்கிய கட்டை நிற்கவில்லை. அவர் முன்கை மேல் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில்தான் எல்லோரும் நின்றார்கள்.

காளை மூச்சுவிடுவது மட்டும் கொரகொரவென்று கேட்டது. நோரா உட்கார்ந்து, ஒடிந்து தொங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சின்னத்தாய் வாயில் ரத்தத்தோடு எழுந்து வந்தாள்.

முத்திருளன் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் நிறைவு இருந்தது. "பாத்தியா தாயி. இனிமே ஒரு பய ஒன்னத் தொட மாட்டான். ஒனக்கு ஊரு இருக்கு."

சின்னத்தாய் அவர்கள் கைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு கையாகப் பார்த்தாள்.

"இந்தக் கையெல்லாம் இம்புட்டு வருசமும் எங்க இருந்துச்சு பெரியப்பா?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, தன்மையாகச் சொன்னார்:

"அப்ப நீயி அவன் பொண்டாட்டியால்ல இருந்த தாயி."

சின்னத்தாய் அவரை அறைந்தாள். மீசை கோணிப்போகிற அறை. அவர் துண்டு கீழே விழுந்தது. கம்போடு நின்றவர்கள் ஒருவரும் அசையவில்லை. அவளை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. போய்ச் சொல்ல அவளுக்குப் புருஷன் இல்லை. முத்திருளன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அவளை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த நோராவைப் பார்த்துத் திரும்பினார்.

"டீச்சரு, நீங்கதான் பொறந்த வீட்டாளு. ஒங்க பொண்ண அடக்கி வைங்க."

நான் அழுதுகொண்டே மொழிபெயர்த்தேன். நோரா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதைத் தமிழில் திருப்பி, அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "அவ யாரோட பொண்ணும் இல்லையாம். என்ன சொல்லணுமோ, அவகிட்டயே சொல்லுங்க."

முத்திருளன் சின்னத்தாயைப் பார்த்து வாயைத் திறந்தார். அவளிடம் நேராகப் பேசுவதற்கு அவருக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. நோராவையும் காளையையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வண்டி கேட்டுத் தெருமுனைக்குப் போய்விட்டாள்.